கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்டை நாட்டுடன் எல்லைத் தகராறை இந்தியா சுமுகமாகத் தீர்த்துக்கொண்டது உண்டா?

பதில்: உண்டு, வங்கதேசத்துடன். ஒரு நாட்டு மண்ணுக்கு நடுவே தீவுபோல் மாட்டிக்கொண்ட மற்ற நாட்டு நிலத்துண்டுதான் திட்டு. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள் இருந்தன! தஹலா காக்ராபாரி என்று ஒரு வயல் இருந்தது. அது இந்திய மண். அதைச் சுற்றி வங்கதேச மண், அதைச் சுற்றி மீண்டும் இந்திய மண், அதற்கும் வெளியே வங்கதேசம். இப்படி ஒரு வரைபடத்தைப் பள்ளி மாணவன் வரைந்திருந்தால் பூஜ்யம்தான் வாங்கியிருப்பான். திட்டுகளைப் பரிமாறிக்கொள்ள இந்திராவும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் 1974இல் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே ஒப்புதல் தந்தது. நம் நாடாளுமன்றமோ 41 ஆண்டுகள் கழித்து, 2015 மே மாதம்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின. எந்த நாட்டில் குடியுரிமை வேண்டும் என்று அங்கு வாழ்ந்தவர்களிடமே கேட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த அம்சம். இந்தியாவுக்குள் இருந்த 51 திட்டுகளிலிருந்து வங்கதேசம் போக ஒருவர்கூட முன்வரவில்லை.

கேள்வி: உங்களை உறுத்தும் ஒப்பந்தம்?

பதில்: 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்டது. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் கேட்கவில்லை.