கூரையின் மேல் சாம்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெலிங்டனிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் குடும்பத்தோடு ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தோம். இங்கிலாந்து அருங்காட்சியகம் ஒன்றில் பல காலமாகக் கிடந்த, நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிகளின் சிற்பத்தை அதன் ஊரில் திருப்பிக் கொடுக்க ஓர் இளம் அதிகாரி வருகிறார். பெட்டிக்குள் இருப்பது அவருக்கு ஒரு பதிவெண். ஊர்க்காரர்களுக்கு அவர்களுடைய பாட்டி. அவர் கையெழுத்து வாங்கப் படிவத்தை நீட்டிக்கொண்டு நிற்க, ஊரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுகிறது, பாடுகிறது, அப்புறம் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. தியேட்டரில் ஒரே சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த மாவோரி அம்மா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் மனசு உறுத்தியது. பறிகொடுத்தவர்களின் வலியை வைத்து இப்படிச் சிரிக்கலாமா? நிஜத்திலும் இப்படித்தான் நடக்கிறதா?

இன்னொன்று. இங்குள்ள தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவில் இருக்கும், தமிழ் எழுத்துப் பொறித்த பழைய வெண்கல மணியின் படத்தை என் மகனுக்குப் பள்ளியில் காட்டியிருக்கிறார்கள். “அதை நாம் திருப்பிக் கேட்கலாமா?” என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எம்., வெலிங்டன்

அன்புள்ள எம்.,

சிரித்ததற்காக வருத்தப்படாதீர்கள். மாவோரிகளின் துக்கச் சடங்குக்குத் தங்கி என்று பெயர். இறந்தவரை மரை என்னும் ஊர்ப் பொதுவிடத்தில் கிடத்தி, இரண்டு மூன்று நாள் ஒரு நிமிஷம்கூடத் தனியே விடாமல் கூட இருப்பார்கள். அவரைப் பார்த்து நேராகவே பேசுவார்கள். கோபம் இருந்தால் அதையும் சொல்லிவிடுவார்கள். அடக்கத்துக்கு முந்தைய இரவு பாட்டும் பழங்கதையும் கேலியுமாகக் கழியும். அழுது ஓய்ந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். உடல் பக்கத்திலேயே இருக்கும்.

என் அப்பா இறந்த அன்று ராத்திரி, பந்தலில் பெரியப்பா அவர் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னார். கிணற்றடி, வைக்கோல் போர், துரத்திய மாடு எல்லாம் வந்தன. உள்ளே பெண்களுக்கு நடுவிலிருந்து அம்மா சிரித்தது எங்கள் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அம்மா அந்த இரவைத் தாண்டியிருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உங்கள் பக்கத்து இருக்கை அம்மாவுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். பாட்டிக்கு முன்னால் படிவத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

பெட்டிக்குள் இருப்பது பாட்டி என்பதைப் படத்துக்காக ஊதிப் பெருக்கவில்லை. மாவோரிக் கூட்டவீட்டின் முன்னால் நின்று பாருங்கள். கூரை முகட்டின் நுனியில் செதுக்கியிருக்கும் முகம் ஒரு மூதாதையின் முகம். அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பலகைகள் அவர் விரித்த கைகள். அவற்றின் முனையில் விரல்களைப் பிரித்துச் செதுக்கியிருப்பார்கள். உள்ளே போனால் முகட்டுவளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். வாசலைத் தாண்டுகிறவர் அந்த மூதாதையின் உடம்புக்குள் போகிறார்.

அப்படி ஒரு வீடுதான் ஹினேமிஹி. அதன் கதையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பார்த்த படத்தைவிட வேடிக்கையானது, அதைவிட வலிப்பது.

நியூசிலாந்தின் வடதீவில், தராவெரா ஏரிக்குப் பக்கத்தில் தே வைரோவா என்ற கிராமம். வெந்நீர் ஊற்றுகள் படிப்படியாகக் கட்டிய வெள்ளை, இளஞ்சிவப்புப் பாறைத் தட்டுகளைப் பார்க்க அந்தக் காலத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் அங்கே குவிந்தார்கள். ஊரில் காசு புழங்கியது. அபோரோ என்ற தலைவர், வேரோ தாரோய், தேனே வைதேரே என்ற இரண்டு சிற்பிகளைக் கொண்டு 1880-81இல் இந்த வீட்டைக் கட்டினார். ஹினேமிஹி ஒரு மூதாட்டியின் பெயர். சிற்பங்களின் கண்களுக்குப் பளபளக்கும் பாவா சிப்பியைப் பதிப்பது வழக்கம். இங்கே இங்கிலாந்துத் தங்கக் காசுகளைப் பதித்தார்கள்.

1886 ஜூன் 10 அன்று, நள்ளிரவு கழிந்த நேரத்தில் தராவெரா எரிமலை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தே வைரோவா சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. ஹினேமிஹிக்குள் ஓடி ஒளிந்தவர்கள் பிழைத்தார்கள். கூரைமேல் சாம்பல் சுமைசுமையாக விழுந்துகொண்டிருக்க, அவள் சாயாமல் நின்றாள். நான் ‘அவள்’ என்று எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை. அந்த இரவில் உயிர் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள் அவளை அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஊர் புதைந்து, மக்கள் சிதறிப்போனார்கள். ஆறு வருஷம் கழித்து, பதவியை விட்டு ஊர் திரும்பவிருந்த ஆளுநர் ஆன்ஸ்லோ பிரபு 50 பவுண்டுக்கு அவளை விலைக்கு வாங்கினார். 23 சிற்பப் பலகைகளாகக் கப்பலேறி, சர்ரே மாவட்டத்தில் கிளாண்டன் பார்க் என்ற அவருடைய மாளிகைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஏரிக்கரையில் படகுக் கொட்டகையாக நின்றாள். இது திருட்டு இல்லை, விலை கொடுத்து வாங்கியதுதான். எரிமலையில் ஊரே அழிந்துபோனவர்களிடம் வாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின்போது அந்த மாளிகை மருத்துவமனையானது. காயம்பட்டு அங்கே வந்த மாவோரி வீரர்கள்தான் அவளை அடையாளம் கண்டு, வேறு நல்ல இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு.

பிறகு தோட்டம், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்குப் போனது. 1970களின் கடைசியில் அவளைப் பழுதுபார்க்க முடிவு செய்தார்கள். பழையபடியே செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். அதற்காகப் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதில் கூரை தடித்து, மெத்தை போல இருந்தது. ஆகா, இது புல் வேய்ந்த கூரை என்று முடிவுகட்டி, இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளுக்கு வேய்வதைப் போல அழகாக, கனமாக வேய்ந்துவிட்டார்கள்.

படத்தில் கூரைமேல் கிடந்தது எரிமலைச் சாம்பல்.

முதல் தடவை இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது. வேய்ந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கறையோடு, கைச்சுத்தமாக வேலை செய்தவர்கள். அவர்கள் மரத்தைத் தெரிந்துகொண்டார்கள், அளவைத் தெரிந்துகொண்டார்கள், புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும் தயாராக இருந்தார்கள். அவள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும், அது அந்த ராத்திரியின் சாம்பல் என்று. நீங்கள் படத்தில் பார்த்த படிவமும் இதே ரகம்தான். பொருளைப் பற்றி எல்லாம் தெரியும், உறவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த வகைச் சிரிப்பை நான் முழு மனசோடு வரவேற்பேன். வலியைச் சொல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

2015இல் கிளாண்டன் பார்க் மாளிகை தீப்பிடித்து உள்ளெல்லாம் எரிந்துபோனது. சற்றுத் தள்ளி நின்ற ஹினேமிஹிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2019இல், அவளுடைய சிற்பங்களைத் திருப்பி அனுப்பக் கொள்கையளவில் சம்மதித்தார்கள். பதிலுக்கு மாவோரிச் சிற்பிகள் புதிதாகச் செதுக்கித் தருவது என்று பேச்சு. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வழக்கில் ஜெயித்து வாங்கிப்போவது போல இல்லை, சம்பந்தி வீட்டுக் கொடுத்துவாங்கல் போல இருக்கிறது. இத்தனை வருஷம் அவளைப் பார்த்துக்கொண்ட இடமும் வெறிச்சோடிப் போகாது.

நிஜத்தில் இப்படித்தான் நடக்கிறதா என்று கேட்டீர்கள். பிரான்சில் நடந்ததைக் கேளுங்கள். ரூவான் நகர அருங்காட்சியகத்தில் 1875 முதல் ஒரு மாவோரித் தலை இருந்தது. முகத்தில் உளியால் கீறி மை ஏற்றும் மோகோ கோலத்தோடு பதப்படுத்திய மனிதத் தலை. டோய் மோகோ என்பார்கள். ஒரு காலத்தில் குடும்பத்தார் தங்கள் பெரியவரைப் பிரியாமல் வைத்துக்கொள்ளச் செய்தது. ஐரோப்பியர்கள் துப்பாக்கி கொடுத்துத் தலை வாங்கத் தொடங்கியதும் அது வியாபாரமாகிவிட்டது. சிட்னியில் இருந்த ஆளுநர் 1831இல் தடை போடும் அளவுக்குப் போனது.

2007இல் ரூவான் மேயர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். பாரிசில் கலாச்சார அமைச்சகம் முடியாது என்றது. பிரான்சின் பொதுச் சேகரிப்பில் உள்ள எதுவும் கைமாறக் கூடாது என்பது சட்டம். மனித உடல் யாருக்கும் சொத்தாக முடியாது என்பது மேயர் தரப்பு வாதம். இன்று தலையைக் கொடுத்தால் நாளை எகிப்து மம்மிகளைக் கேட்பார்களே என்பது எதிர்த்தரப்பின் பயம். ஒரு மனிதரின் தலை மனிதரா, கலைப்பொருளா என்று நீதிமன்றத்தில் விவாதம் நடந்தது! மேயர் பக்கம் தோற்றது. கடைசியில் நாடாளுமன்றம் 2010 மே மாதம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 2011 மே 9 அன்று அந்தத் தலை மாவோரிப் பெரியவர்களிடம் வந்து சேர்ந்தது. அடுத்த ஜனவரியில் பாரிசில் மேலும் 20 தலைகளை ஒப்படைத்தார்கள்.

தே பாப்பாவில் இதற்கென்றே அரசு ஆதரவோடு 2003 முதல் ஒரு பிரிவு வேலை செய்கிறது. வந்து சேர்ந்தவர்களைக் காட்சிக்கு வைப்பதில்லை. தனியறையில் வைத்து, எந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்று தேடுகிறார்கள். இங்கேதான் இந்த வகைப் படங்களோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பாட்டி வீடு திரும்புவதற்கு அந்த அதிகாரியின் மனமாற்றம்தான் காரணம் என்பது போலக் கதையை முடித்துவிடுகிறார்கள். வருஷக்கணக்காகக் கடிதம் எழுதி, கடல் கடந்து போய், கதவைத் தட்டிக் காத்திருந்த பெரியவர்கள் பின்னணிப் பாட்டோடு சரி. அவர்களில் ஒருவரை முக்கிய பாத்திரமாக வைத்து ஒரு படம் வரட்டும். அதிலும் சிரிக்க நிறைய இருக்கும்.

அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது வெறும் உபசாரம் இல்லை. மாவோரிகளுக்குத் தபு என்பது மடியும் தீட்டும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒரு நிலை. புனிதம், அதனாலேயே நெருங்க முடியாதது. இறந்தவர்களோடு இருந்துவிட்டு வருகிறவர்கள் மேலும் அது ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்துக்கொள்வதும், எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவதும் அதை இறக்கிவைத்து, அன்றாட நிலைக்குத் திரும்பும் வழி. சாவு வீட்டுக்குப் போய்வந்து வாசலிலேயே கால் கழுவுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதிகாரியையும் பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்றால், அவரும் அந்தத் துக்கத்தில் பங்கெடுத்தவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள்.

சரி, உங்கள் மகனின் கேள்வி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வடக்கே ஒரு மாவோரிக் கிராமத்தில் அந்த வெண்கல மணியைப் பார்த்தார். விளிம்பு உடைந்த மணி, கவிழ்த்தால் பாத்திரம். பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்த பெரிய மரத்தின் வேருக்கடியில் முன்னொரு காலத்தில் கிடைத்தது என்று சொன்னார்கள். அதைச் சுற்றி இருந்த எழுத்து தமிழ் என்பது பிற்பாடு தெரியவந்தது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள்.

ஹினேமிஹியைக் கேட்கிறவர்கள் அவளுடைய பேரப்பிள்ளைகள். ரூவான் தலையைக் கேட்டவர்களும் அப்படித்தான். அந்த மணியைக் கேட்க முகையதீன் வக்குசுவின் வீட்டார் யார், எந்தத் துறைமுகத்துக்காரர்கள்? மணியில் ஊர்ப்பெயர் இல்லை. நம்மிடமிருந்து அதை யாரும் பறித்துக்கொண்டு போகவும் இல்லை. மரத்தடியில் கிடந்ததை எடுத்து, கழுவி, தங்கள் அடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டார்கள் அந்தப் பெண்கள். என்னைக் கேட்டால், அது அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் மகன் அதில் உள்ள பெயரை ஒரு தடவை சத்தமாகப் படிக்கட்டும். முகையதீன் வக்குசு. வகுப்பில் மாவோரி நண்பன் இருந்தால் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எதற்கென்று அந்தப் பையனுக்கு விளக்க வேண்டியிருக்காது.

அன்புடன்.