வாத்திகன் டிக்கெட் கிடைக்காதவருக்கு

வாத்திகன் மியூசியம் டிக்கெட் தீர்ந்துபோச்சு, முட்டிவலி உள்ள அம்மாவோட ரோம்ல ஒரு காலைப்பொழுது எங்கே போகலாம்னு கேட்டிருந்தீங்க. இரட்டை விலைக்கு விக்கிறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க. நேரா பியாஸ்ஸா நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்துல சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்துக்குப் போங்க. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்துல புனித மத்தேயுவைப் பத்தி இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைஞ்ச ஓவியங்கள் மூணு இருக்கு. நுழைவு இலவசம். ஆனா இருட்டு, பெட்டியில காசு போட்டாத்தான் விளக்கு எரியும், சில்லறை வெச்சுக்கோங்க.

அங்கிருந்து சில நிமிஷ நடையில சாந்தகோஸ்தினோ தேவாலயம். அங்கே இருக்கிற கரவாஜ்ஜோ ஓவியத்துல மாதா முன்னாடி மண்டியிட்ட யாத்ரீகரோட அழுக்குப் பாதம் நம்ம முகத்துக்கு நேரா நீட்டிட்டு இருக்கும். அதைப் பார்த்து அப்பவே ஊர் சலசலத்துச்சாம்! எனக்கு மத்த மூணையும்விட இதுதான் பிடிக்கும். மதியம் கதவைச் சாத்திடுவாங்க, அதனால காலையிலேயே கிளம்பிடுங்க. அம்மா உட்கார பெஞ்சும் உண்டு.