பூசைக்கு வர முடியாதவர் யாருடைய பொறுப்பு?

கேள்வி: எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், வழிபாட்டுக் குழுவின் பொறுப்பாளராக இருக்கிறேன். ஞாயிறு திருப்பலிக்குப் பாதிப் பேர் முதல் வாசகம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கியதும் வண்டியை எடுக்க ஓடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் வந்தால் அதிகம். புதுப் பாடல்கள், பாடல் வரிகளைக் காட்டத் திரை, நல்ல ஒலிபெருக்கி என்று எவ்வளவோ செய்து பார்த்துவிட்டோம். சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் எனக்குக் கோவிலிலேயே கழிகின்றன. மாமியாருக்கு மூட்டு வலி. கோவில் படியேற முடியாமல் இரண்டு ஆண்டுகளாக வீட்டோடு இருக்கிறார். டிவியில் பூசை பார்த்துக்கொள்வதால் அந்தக் கவலை இல்லை. மக்களை ஒரே குடும்பமாக்க வழிபாட்டில் இன்னும் என்ன மாற்றலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

சகோதரி, தாமதமாக வருபவர்களையும் முன்னதாக ஓடுபவர்களையும் பற்றி எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். உங்கள் மாமியாரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்த இரண்டு ஆண்டுகளில் அந்த அம்மா எத்தனை முறை நன்மை வாங்கினார்? பங்குத்தந்தையோ வேறு யாருமோ வீட்டுக்கு வந்து கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தொலைக்காட்சித் திருப்பலி நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நல்ல பணி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நற்கருணையை அவர் கையில் கொண்டுவந்து தராது. சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் அவர் கைகூப்பினால் எதிரே கைகூப்ப அந்த வீட்டில் யாரும் இல்லை, ஏனென்றால் மருமகள் அந்நேரம் கோவிலில் மக்களை ஒரு குடும்பமாக்கிக்கொண்டிருக்கிறார். கடுமையாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம்; இந்த ஒரு விஷயத்தில் மென்மையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பெற்றோருக்குத் தர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு உதவ வேண்டியதில்லை என்று கற்பித்தவர்களை இயேசு அங்கே நேருக்கு நேர் கண்டிக்கிறார். கோவிலுக்குத் தந்த நேரம் வீட்டுப் பெரியவருக்குத் தர வேண்டிய நேரத்தை ஈடுசெய்துவிடாது. இது உங்களுக்கு மட்டுமான கண்டிப்பும் அல்ல. அவரைப் பெற்ற தாயாகக் கொண்ட உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூடக் காணவில்லை. தாயைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றுவது முதலில் மகனின் கடமை என்றே நான் நினைக்கிறேன். அதை மருமகளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கும் ஆண்களை நம் பங்குகளில் நிறையவே பார்க்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்கள் அனைவரும் முழுமையாகவும் உணர்வோடும் செயலூக்கத்தோடும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்கிறது. வழிபாட்டுக் குழுக்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றன, பெரும்பாலும் இசைக்கருவி வாங்குவதற்காக. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர்களை மட்டும் ‘அனைவர்’ என்று எண்ணிக்கொள்வதால் வரும் கோளாறு இது. கி.பி. 155 அளவில் உரோமையில் ஞாயிறு வழிபாடு எப்படி நடந்தது என்று மறைசாட்சி புனித ஜஸ்டின் விவரித்திருக்கிறார்: வாசகங்கள், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும், நன்றி மன்றாட்டு, பகிர்தல் என்று நமக்கு இன்றும் பழகிய வரிசையேதான். பகிர்ந்து முடித்ததும் வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதை எடுத்துச் சென்றார்கள். அன்று திரண்ட காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. அந்த வழிபாடு கூடிய இடத்தோடு முடிந்துவிடவில்லை. வீடுவரை போய்ச் சேர்ந்தது.

ஆகவே உங்கள் குழு செய்ய வேண்டிய வேலை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். எந்தத் தெருவில் யார் வர முடியாமல் கிடக்கிறார்கள் என்று ஒவ்வோர் அன்பியமும் பெயர் எழுதித் தரட்டும். முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குத்தந்தை வீடுகளுக்கு நன்மை எடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் பழையது. உங்கள் பங்கில் அது நின்றுபோயிருந்தால் மீண்டும் தொடங்கும்படி கேளுங்கள். அவர் ஒருவரால் முடியாது என்றால், தகுந்த அனுமதியுடன் குருக்கள் அல்லாத பொதுநிலையினரும் நற்கருணை வழங்க 1973-லேயே திருச்சபை வழி செய்துவிட்டது. ஞாயிறு திருப்பலியில் நன்மை வழங்கி முடிந்ததும் அந்தப் பணியாளர்களைப் பீடத்தருகே அழைத்து, எல்லாரும் பார்க்க நற்கருணைச் சிமிழைக் கொடுத்து, யார் யார் வீட்டுக்கு என்று பெயர் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருப் பாட்டியின் பெயரை மாதக்கணக்கில் கேட்டு வருபவர்களுக்கு அவரை ஒருநாள் எட்டிப் பார்க்கத் தோன்றும். பங்கில் உறவு இப்படித்தான் பிடிக்கிறது. மற்றபடி எத்தனை புதுப் பாடல் பாடினாலும் அந்நியர்கள் சேர்ந்து பாடுவதாகவே அது இருக்கும்.

வீட்டில் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தை (இயேசு தொங்கும் சிலுவையை) வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும். சாப்பிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் நன்மை வாங்குமுன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை என்று திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் பிரிவே சொல்கிறது. அடுத்த அன்பியக் கூட்டத்தை உங்கள் வீட்டில், அவர் இருக்கும் அறையிலேயே வையுங்கள். ஜெபமாலையை அவர் சொல்லித் தொடங்கட்டும். கோவில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் ஒரு சக்கர நாற்காலியும் வேண்டும் என்று பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள். திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்டியவர்களால் இதற்கும் திரட்ட முடியும்.

வரும் சனிக்கிழமை பாடல் பயிற்சியை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மாமியார் அருகில் உட்கார்ந்து, கடைசியாக எப்போது நன்மை வாங்கினார் என்று கேளுங்கள். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய விரும்புகிறாரா, நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் வேண்டுமா என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு அன்று மாலையே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள்.