16 வருட அனுபவம் மட்டும் போதுமா?

கேள்வி: நான் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 16 ஆண்டுகளாகக் கணிதம் எடுத்து வருகிறேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு என்னை ‘மென்டர்’ ஆக முதல்வர் நியமித்திருக்கிறார். ஒருவர் கணித ஆசிரியை. மற்ற இருவரும் ஆங்கிலமும் அறிவியலும் எடுப்பவர்கள். “இதற்கெல்லாம் எதற்குப் பயிற்சி? உங்கள் அனுபவமே போதும்” என்கிறார் முதல்வர். மூவரைப் பற்றியும் மாதாமாதம் மதிப்பெண் போட்டு அறிக்கை தர வேண்டுமாம். சென்ற ஆண்டு இதே ஏற்பாட்டில் இருந்த ஓர் இளம் ஆசிரியை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். வழிகாட்டும் ஆசிரியருக்குப் பயிற்சி கட்டாயம் என்று ஏதாவது விதி உண்டா? நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருச்சி

பதில்: சகோதரிக்கு வணக்கம். விதியைக் கேட்டிருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முதல்வரைக் கட்டுப்படுத்தக்கூடிய நாடு தழுவிய கட்டாய விதி நம்மிடம் இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வழிகாட்டுதலுக்கென ஒரு தேசிய இயக்கம் வேண்டும் என்றது. கொள்கையின் வாசகத்தில் அது கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தது. பின்னர் என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கொண்டுவந்து, 2022 ஜூலையில் 30 மத்திய அரசுப் பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான் என்றாலும், விரும்பியவர் சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்ற அளவில்தான் அது நிற்கிறது.

பி.எட். படிப்பிலேயே 16 வாரம் பள்ளியில் பயிற்சி பெற்றுத்தானே வருகிறார்கள் என்று உங்கள் ஆசிரியர் அறையில் யாராவது சொல்லக்கூடும். அந்த 16 வாரமும் அவர்கள் இன்னொருவருடைய வகுப்பில் விருந்தாளிகள். தேர்வு முடிவுக்கும் பெற்றோரின் கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். ஜூன் மாதத்தில் தன் பெயர் போட்ட கால அட்டவணை கைக்கு வரும்போதுதான் ஒருவர் உண்மையில் ஆசிரியராகிறார். உங்களை நியமித்திருப்பது அந்த நாளிலிருந்து தொடங்கும் காலத்துக்காக.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதல்வரிடம் பேசும்போது உங்களுக்குக் கை கொடுக்கும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய ஆசிரியருக்கான தொடக்கக் காலம் இரண்டு கல்வியாண்டுகள். முதலாண்டில் அவருடைய வகுப்பு நேரத்தில் 10 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைக்கப்பட வேண்டும். வழிகாட்டுபவர் தகுதிபெற்ற ஆசிரியராக இருப்பதோடு, அந்த வேலையைச் செய்வதற்கான நேரமும் அவருக்கு இருக்க வேண்டும். அவருக்கான பயிற்சிக்கு அரசு நிதி தருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இன்னும் திட்டவட்டமாகப் பேசுகிறது. வழிகாட்டுபவருக்கு முழுமையான ஆசிரியர் உரிமமும் குறைந்தது மூன்றாண்டு நல்ல கற்பித்தல் அனுபவமும் வேண்டும். புதியவர் தனக்கான வழிகாட்டுதல் திட்டத்தில் சேர்ந்த 30 நாள்களுக்குள் இருவரையும் இணைத்துவிட வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது அவருக்கு நேரடி உதவி கிடைக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் விதியில் என் கண்ணில் பட்டது அந்த மூன்றாண்டு என்ற எண். உங்களுக்கு அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் அனுபவம் இருக்கிறது. அனுபவம் போதும் என்பது உண்மையானால் அந்த விதி அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்றாண்டு என்பது வாசற்படி. உள்ளே வந்தவருக்குப் பயிற்சியும் தொடர் ஆதரவும் தர வேண்டும் என்று சொல்லி, அந்தப் பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் அது குறிப்பிடுகிறது: எதிரே இருப்பவரைத் தானே யோசிக்கவைத்து வழிநடத்தும் முறை, இலக்கு வகுத்தல், வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்ற அறிவு, தன் வழிகாட்டுதலைத் தானே பரிசீலித்தல், பிற வழிகாட்டி ஆசிரியர்களோடு கலந்து கற்றல். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பின்னங்களைப் புரியவைக்கும் திறமையும், இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு அவர் எடுத்த வகுப்பையே புரியவைக்கும் திறமையும் ஒன்றல்ல.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பணியில் நடுவயதை எட்டியிருந்தபோது, ஒரு பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியை ஒருவரைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது குறைகளை எழுதிக்கொண்டேன். மதிய இடைவேளையில், மற்றவர்கள் காதில் விழும்படி, அதை வரிசையாகப் படித்தும் காட்டினேன், அக்கறையாகத்தான் செய்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அவர் வகுப்பில் பிள்ளைகள் தலைகுனிந்து ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் வரும் நாளில் அவர் பாடமே நடத்துவதில்லை என்பது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

ஆகவே நீங்கள் முதலில் பழக வேண்டியது பார்ப்பதற்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் கணித ஆசிரியை ஏழாம் வகுப்பில் முழுக்களை நடத்துகிறார். “புரிஞ்சுதா?” என்கிறார். “புரிஞ்சுது மிஸ்” என்று வகுப்பே பாடுகிறது. அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் –3 –5 என்பதற்கு எதிரே 8 என்று எழுதி வைத்திருக்கிறான். மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ் என்று எங்கோ கேட்டதை, பெருக்கலுக்கு உரிய விதியை, இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டான். பழகாத வழிகாட்டி தன் குறிப்பில் ‘விளக்கம் போதவில்லை’ என்று எழுதுவார். பழகியவர், எத்தனை மணிக்கு அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை நொடி காத்திருந்தார், அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று எழுதுவார். முன்னது தீர்ப்பு, அதை மறுக்கத் தோன்றும். பின்னது நடந்தது; அதை வைத்துக்கொண்டு இருவரும் பேச முடியும்.

அடுத்தது பேச்சு. வகுப்பு முடிந்ததும் “நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டும்” என்று தொடங்கும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. அதை அடக்கிக்கொண்டு, “எத்தனை பேருக்குப் புரிந்தது என்று எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். பதில் வந்த பிறகு, அடுத்த வகுப்பிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தை இருவருமாக முடிவு செய்யுங்கள்; உதாரணமாக, கேள்வி கேட்டதும் எல்லோரும் விடையை நோட்டில் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டச் சொல்வது. பிள்ளைகள் போன பின் காலி வகுப்பில் அவரை அதை ஒரு முறை சொல்லிப் பார்க்கவும் வையுங்கள். சொல்லிப் பார்க்காத திருத்தம் அடுத்த நாள் பதற்றத்தில் மறந்துபோகும்.

இப்போது அந்த மாத அறிக்கை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இங்கிலாந்தில் புதியவரை மதிப்பிடும் பொறுப்பு வேறொருவருடையது; வழிகாட்டுபவரும் மதிப்பிடுபவரும் வெவ்வேறு ஆள்களாக இருக்க வேண்டும் என்பதே அங்கே வழிமுறை. கலிஃபோர்னியாவில் புதியவருக்கென வகுக்கப்படும் கற்றல் திட்டத்தை வேலை சார்ந்த மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. “மிஸ், எட்டு பி-யை என்னால் அடக்கவே முடியவில்லை” என்று அந்தப் பெண் உங்களிடம் சொல்ல வேண்டுமானால், அது மாதக் கடைசியில் தாளாளர் மேஜைக்குப் போகாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். சென்ற ஆண்டு விலகியவர் ஏன் விலகினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மதிப்பெண் போடுபவரிடம் யாரும் தன் கஷ்டத்தைச் சொல்வதில்லை. அறிக்கை வேண்டும் என்று முதல்வர் பிடிவாதமாக இருந்தால், எந்தெந்தத் தேதியில் சந்தித்தோம், எதைப் பற்றிப் பேசினோம் என்பதை மட்டும் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். மதிப்பீட்டை அவரோ துணை முதல்வரோ தாங்களே வகுப்புக்கு வந்து செய்யட்டும்.

நேரம் கேட்பதில் கூச்சப்படாதீர்கள். மூன்று பேரை வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பதென்றால் மூன்று பீரியட் பேசுவதற்கும், அதற்கு மேல் வகுப்பைப் பார்க்கவும் வேண்டும். பதிலி வகுப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே செய்கிற வேலை இல்லை இது. முடியாது என்றால் மூன்றில் ஒருவரையாவது வேறொரு மூத்த ஆசிரியரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். என்னைக் கேட்டால் ஆங்கிலத்தை மாற்றுவேன். வகுப்பை நடத்தும் பாங்கில் நீங்கள் உதவலாம், ஒரு கவிதையை எப்படித் திறப்பது என்பதில் கணித ஆசிரியருக்குச் சொல்ல அதிகம் இராது.

பயிற்சிக்கு எங்கே போவது என்றால், என்.சி.டி.இ.யின் வழிகாட்டுதல் இயக்கத்துக்கென இணையவாசல் இருக்கிறது, அதைப் பாருங்கள். தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சியைச் சொல்கிறது. அதில் ஒரு பங்கை இந்தப் பொறுப்புக்கான பயிற்சிக்கு ஒதுக்கும்படி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தாலும், பள்ளியில் இதே பொறுப்பில் இருக்கும் இன்னொருவரோடு மாதம் ஒரு முறை உட்கார்ந்து, புதியவரோடு நீங்கள் பேசியதை அந்தப் புதியவரின் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். இருபது நிமிடப் பேச்சில் உங்கள் குரல் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் எண்ணியபோது என்னுடையது பதினேழு.

இன்னொன்று. நீங்கள் அவர்களுடைய வகுப்புக்குப் போகும் முன், அவர்களை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். நன்றாக நடக்கும் என்று தெரிந்த வகுப்பைக் காட்ட வேண்டாம்; மதிய உணவுக்குப் பிந்தைய ஒன்பதாம் வகுப்பைக் காட்டுங்கள். முடிந்ததும் என்ன பார்த்தார்கள் என்று நீங்கள் கேளுங்கள், குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.