வியாபாரி சொன்ன சூறாவளியும் மே மாத இடிமழையும்

தொட்டியம் பக்கத்திலிருந்து ஒரு வாழை விவசாயி கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் பூவன், தார் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வாரமாகத் தினமும் 'திருச்சி மாவட்டத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு' என்கிறார்கள். வெயில்தான் ஏறுகிறது, தோட்டத்தில் ஒரு சொட்டு விழவில்லை. இதற்கிடையில் வியாபாரி வந்து, "அடுத்த வாரம் சூறாவளி, இப்போதே பாதி விலைக்கு வெட்டிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறாராம். வெட்டலாமா?

வெட்டாதீர்கள். அடுத்த வாரம் இன்ன தோப்பில் சூறைக்காற்று அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மே மாத இடிமழைக்கான மேகம் அன்று காலையில்கூட வானத்தில் இருக்காது. தரை சுட்டு, கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து, உள்மாவட்டங்களின் மேல் எதிர்க்காற்றோடு சேரும் இடத்தில் மதியத்துக்கு மேல்தான் எழும்பும். ஒரு மணி நேரம் போலக் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். முசிறியில் தெரு முழுக்கத் தண்ணீர் ஓடும். தொட்டியத்தில் புழுதிதான் பறக்கும்.

அறிவிப்பு பொய்யா என்றால், இல்லை. அதில் 'ஓரிரு இடங்களில்' என்று இருந்திருக்கும். மழைமானி வைத்திருக்கும் இடங்களில் கால்வாசிக்கு மேல் நனையாது என்பதுதான் அதன் கணக்கு. உங்கள் வயல் மீதி முக்கால்வாசியில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த வியாபாரி. கத்திரி வெயில் தொடங்கினால் இந்தப் பேச்சும் தொடங்கிவிடும். போனில் ஒரு புயல் படத்தைக் காட்டுவார்கள். அது எந்த வருடத்துப் படம், எந்தக் கடல் என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து நாள் தள்ளி மழைமேகம் போட்டுக் காட்டும் செயலிகளையும் நம்பி வெட்டாதீர்கள். அந்தப் படத்தைப் போடுவது கணினி. எந்த வானிலையாளரும் சரிபார்த்துப் போடுவதில்லை. பணம் கட்டினால் 'உங்கள் சர்வே எண்ணுக்கே மழை சொல்கிறோம்' என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். இரண்டு மாதத் தார் இன்னும் திரளவில்லை. இப்போது வெட்டினால் எடையிலும் அடி, விலையிலும் அடி. காற்று அடித்தால் கொஞ்சம் சாயலாம். வெட்டினால் மொத்தமும் போச்சு.

"வங்கக் கடலில் நிஜமாகவே புயல் வந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மே மாதப் புயல் பெரும்பாலும் வடக்கே போய்விடும். 2019-ல் ஃபானி நம் கரையை நோக்கி வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மே 3-ம் தேதி ஒடிசாவின் புரி அருகே கரையேறியது. 2020-ல் ஆம்பன் மேற்கு வங்கத்துக்குப் போனது. இப்படிப் போகும் புயல் ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு வறண்ட மேற்குக் காற்று வீசி வெயில் இன்னும் கூடும், மாலை இடிமழையும் குறையும். கரையை ஒட்டியே மேலே போனால் கதை வேறு: 2016-ல் ரோனு அப்படிப் போனபோது சென்னைப் பக்கம் நல்ல மழை. எப்படியிருந்தாலும் புயல் என்றால் வானிலை மையம் நாள் கணக்கில் முன்னாலேயே அறிவித்துவிடும். வியாபாரி வந்து சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வாழையைச் சாய்ப்பது மழைக்கு முன்னால் வரும் காற்று. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தடாலென்று இறங்கித் தரையோடு பரவும். முதல் துளி விழுவதற்குள் மரம் சாய்ந்திருக்கும். அதனால் இந்த வாரமே முட்டுக் கொடுங்கள். இரண்டு சவுக்குக் கம்புகளைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே கட்டி, தார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம், கழுத்துக்குக் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். காய்ந்த இலைகளை அறுத்துவிடுங்கள். பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ஈர மண்ணில் வேர் பிடிப்பு இருக்காது.

மதியம் இரண்டு மணிக்கு மேல் இந்திய வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியில் அடுத்த மூன்று மணி நேர எச்சரிக்கையைப் பாருங்கள். கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் மேகம் திரண்டு எழும்புகிறதா என்றும் பாருங்கள். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி. இடி கேட்டால் தோப்பை விட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள்.

இதையெல்லாம் ஊர் ஊராக விவசாயிக்குச் சொல்லத்தான் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் இருந்தன. நாடு முழுக்க 199 அலகுகள். 2024-ல் மூடிவிட்டார்கள். எச்சரிக்கை கொடுக்க செயற்கைக்கோள் இருக்கிறது, ரேடார் இருக்கிறது. தொட்டியத்துக்காரருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் ஆளை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வியாபாரிதான் வந்து உட்காருவார்.

காப்பீட்டிலும் இதே கதைதான். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயல் இழப்புக்கான பட்டியலில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் வெள்ளம் தேங்குவது, மேகவெடிப்பு, மின்னலால் பிடிக்கும் தீ போன்றவைதான் இருக்கின்றன. வாழைக்காரனை வருடா வருடம் அடிக்கும் சூறைக்காற்று அதில் இல்லை. மாற்றச் சொல்லித் திட்டம் போடுபவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆலங்கட்டியோ மேகவெடிப்போ உங்கள் வயலைத் தாக்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். எதுவாக இருந்தாலும் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் நீங்களே நேரில் கொடுங்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் பேசி வருபவரிடம் பட்டா நகலைக் கொடுத்துவிடாதீர்கள்.