கொல்லையில் ஒரு நாற்றம்

கேள்வி: போன வாரம் வீட்டில் செத்த எலி வாடை. பரணிலிருந்து பாத்திரம் பண்டமெல்லாம் இறக்கித் தேடியாச்சு. கடைசியில் பார்த்தால் கிணற்றடியில் மூணு வருஷமாகத் தோண்டாமல் கிடந்த சேனைக்கிழங்கு, இலைகூட விடாமல், கருஞ்சிவப்பில் பெரிய கொண்டை மாதிரி பூத்திருக்கிறது! மாமியார் பிடுங்கிப் போடச் சொல்கிறார். கிழங்கைச் சமைக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பிடுங்க வேண்டாம். இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் நாற்றம் போயிருக்கும், ஏனென்றால் அது வீசுவதே ஓரிரு நாள்தான். அழுகும் இறைச்சியிலிருந்து கிளம்பும் கந்தகச் சேர்மங்கள் (டைமீதைல் டைசல்ஃபைடு, டிரைசல்ஃபைடு) இந்தப் பூவிலும் உண்டு. பூ தானாகச் சூடேறி அந்த வாடையைக் கிளப்பிவிடும், செத்த பிராணி என்று நம்பி வண்டும் ஈயும் ஓடிவரும். பெண் பூக்கள் முதலில் தயாராகும், மகரந்தம் அப்புறம்தான் உதிரும். ஏமாந்து வந்த வண்டு அதைச் சுமந்துகொண்டு அடுத்த சேனையிலும் போய் ஏமாற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நம் மூக்கைப் பற்றி அதற்கென்ன கவலை?

பூ வாடியதும் இலை வரும். கிழங்குக்கு நாற்றம் ஏறாது. நாக்கு அரிக்காமல் இருக்க வழக்கம்போலப் புளித்தண்ணீரில் வேகவைத்தால் போதும். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: சேனைக்கு சுமத்ராவில் ஓர் அண்ணன் உண்டு, ஆள் உயரத்தையும் தாண்டிப் பூக்கும், நாற்றமும் அதற்கேற்ப. லண்டன் கியூ தோட்டத்தில் 1889-ல் பூத்தது. இன்றைக்கும் அது எந்த ஊர்த் தோட்டத்தில் பூத்தாலும் ஜனங்கள் வரிசையில் நின்று முகர்ந்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி: ஐப்பசியில் எங்கள் தெரு ஏழிலைப்பாலை பூத்தால் எனக்குத் தலையிடி, என் அக்காவுக்கோ சொர்க்கம். யார் மூக்கில் கோளாறு? (வாசகர், கோவை)

பதில்: இரண்டும் நல்ல மூக்குதான். ஒன்று, அளவு. மல்லிகையில் இண்டோல் என்று ஒரு பொருள் கொஞ்சூண்டு இருக்கிறது, அது இருப்பதால்தான் மல்லிகை மணம் அவ்வளவு கனமாக இருக்கிறது. அதையே கூட்டினால் அந்துருண்டை வாடை, இன்னும் கூட்டினால் கக்கூஸ். பூட்டிய அறையில் நாலு முழம் மல்லிகையோடு படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, பிறவி. வயலெட் பூவின் வாசனைப் பொருளான பீட்டா அயனோன் சிலருக்கு இனிமையாக மணக்கும், சிலருக்குப் புளித்த நெடி, சிலருக்கு லேசில் தெரியவே தெரியாது. மூக்கில் உள்ள ஓர் உணர்வியின் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறுவதுதான் பெரும்பாலும் காரணம். கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே இது மாறலாம், அதனால் அக்காவோடு சண்டை வேண்டாம்.

ஏழிலைப்பாலை சாயங்காலத்துக்கு மேல்தான் தூக்கலாக வீசும். பூக்கும் சில வாரங்களுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலை விளக்கு வைக்கும் நேரத்திலேயே சாத்திவிடுங்கள். அக்காவுக்கு மொட்டைமாடி இருக்கிறது.