பழைய கிராம வரைபடங்களை ஸ்கேன் செய்ய ஏ0 ஸ்கேனர் (பெரிய தாளை ரோலரால் இழுத்து ஸ்கேன் செய்வது) வாங்கியிருக்கிறோம், கேலிபிரேஷனை, அதாவது அளவும் நிறமும் சரியாக வரும்படி மெஷினைச் சரிசெய்வதை, எதிலிருந்து தொடங்குவது?

கிராம வரைபடம் என்றால் நிறத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அளவைப் பாருங்கள். மெட்ராஸ் மாகாணக் காலத்துக் கிராம வரைபடங்கள் பெரும்பாலும் 1 மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3960. தாளில் 1 மி.மீ. பிசகினால் நிலத்தில் கிட்டத்தட்ட 4 மீட்டர். நாளைக்கு யாரோ ஒருவருடைய வேலி தகராறுக்கு அந்தப் படத்தைத்தான் எடுத்து வைப்பார்கள்.

ராயப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் முதல் மாதமே இதில் கோட்டை விட்டோம். மெஷினோடு வந்த கேலிபிரேஷன் தாளை உள்ளே செலுத்தினோம், நிறம் அருமையாக வந்தது, சரி என்று எண்பது வரைபடங்களை முடித்த பிறகு ஒன்றை அளந்து பார்த்தால் அகலம் சரியாக இருக்கிறது, நீளம் மட்டும் 3 மி.மீ. கூடியிருக்கிறது. சென்சார் அசையாது, அதனால் அகலம் லேசில் மாறாது. நீளம் ரோலர் தாளை இழுப்பதைப் பொறுத்தது, ரோலரில் தூசி ஏறித் தாள் வழுக்கினால் படம் நீண்டுவிடும். எண்பதையும் திரும்பச் செய்தோம்.

மெஷினைப் போட்டு அரை மணி நேரமாவது சூடாக விடுங்கள். கண்ணாடி, ரோலர், கேலிபிரேஷன் தாள் மூன்றையும் துடையுங்கள். அந்தத் தாளில் ஒரு தூசி இருந்தால்கூட அடுத்த எல்லா ஸ்கேனிலும் அதே இடத்தில் நெட்டுக்கோடு விழும். ஸ்டிச்சிங், அதாவது அடுத்தடுத்த சென்சார்கள் எடுக்கும் துண்டுகளை ஒட்டுவது, சரியா என்று பார்க்க, குறுக்கே சாய்வாகப் போகும் ஒரு கோட்டை ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள், எங்கும் படிக்கட்டு மாதிரி உடையக் கூடாது.

நீளத்தைச் சோதிக்கக் காகிதம் வேண்டாம். சென்னை ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், காகிதமே பெருத்துவிடும், பிழை மெஷினுடையதா தாளுடையதா என்று தெரியாது. பாலியஸ்டர் ஃபிலிமில் எஃகு ஸ்கேல் வைத்து 1000 மி.மீ. குறித்துக்கொள்ளுங்கள். 400 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி) அது 15,748 பிக்சல் வர வேண்டும். வித்தியாசத்தை மென்பொருளின் நீளத் திருத்தத்தில் கொடுங்கள். துணி ஒட்டிய கனமான வரைபடங்களுக்கு ரோலர் இழுப்பு மாறும், அந்த வகைக்குத் தனியாகப் பாருங்கள்.

நிறத்துக்கு ஐடி8 அட்டை (நிறத்தை ஒப்பிட நிறக் கட்டங்கள் உள்ள அட்டை) போதும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தாராளமாக வாங்குங்கள், 400 டிபிஐயில் ஒரு ஏ0 வண்ண டிஃப் கோப்பு சுருக்காமல் வைத்தால் 740 எம்பியைத் தொடும். நாங்கள் இப்போது தினமும் காலையில் முதல் ஸ்கேனாக அந்த ஃபிலிமைத்தான் விடுகிறோம், அந்தக் கோப்பையும் அன்றைய வரைபடங்களோடு சேர்த்தே வைக்கிறோம்.